என்டர் கீயின் மேல் வைத்த கல்

வரிசையில் நிற்கும் கல்லுக்கு மரியாதை உண்டு என்பதை எழுத்து தெரிவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் தண்ணீர் லாரி வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே கற்கள் வந்து நின்றுவிடும். கல், அறுந்த செருப்பு, வாய் நசுங்கிய குடம், ஒரு முறை யாரோ வைத்த டிபன் பாக்ஸ் மூடி. ஒவ்வொன்றும் ஒரு வீடு. அம்மா மூன்றாம் மாடியில் குழம்பு கொதிக்கவிட்டுக்கொண்டிருப்பாள். அம்மாவின் கல் கீழே தெருவில் அவளாக நின்றுகொண்டிருக்கும். கல்லைத் தாண்டி எவரும் குடம் வைக்க முடியாது. வைத்தால் தெரு கிழியும். ஆனால் கல்லை எடுத்துவிட்டால், ஒரு நிமிஷம் எடுத்துவிட்டாலும் போதும், போச்சு. கடைசிக்குப் போக வேண்டியதுதான். விட்ட இடம் விட்டதுதான்.

லாரி வந்த பிறகு இன்னொரு வித்தை. ரப்பர் குழாயில் தண்ணீர் பாய ஆரம்பித்துவிட்டால் குடம் நிறைந்ததும் யாரும் குழாயை மூட மாட்டார்கள். மூடித் திறப்பதற்குள் பக்கத்துத் தெருக்காரி வந்துவிடுவாள். நிறைந்த குடத்திலிருந்து காலிக் குடத்துக்குக் குழாயை அப்படியே தாவவிடுவார்கள். இரண்டு குடங்களுக்கு நடுவே ஒரு வீச்சு வெள்ளி பறக்கும். அதில்தான் நாங்கள் குளித்தோம், சண்டை போட்டோம், வளர்ந்தோம்.

இந்த இரண்டு வித்தைகளோடுதான் நான் ப்ரோக்ராம் எழுதும் வேலைக்குப் போனேன். ஒன்று எனக்குத் தம்ரூட் இனிப்பு வாங்கித் தந்தது. மற்றது ஒரு கட்டடத்தையே படுக்கவைத்தது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் இருக்கும். ராயபுரத்தில், துறைமுகச் சுவருக்கு இரண்டு சந்து தள்ளி, ஒரு மாடியில் எங்கள் கிளியரிங் ஆபீஸ். கப்பலில் வந்திறங்கும் கன்டெய்னர்களுக்குக் காகித வேலை முடித்து வெளியே எடுத்துக் கொடுப்போம். முதலாளி வண்ணாரப்பேட்டைக்காரர். எங்களுக்கு அவர் பாய். கோபமில்லாத நாட்களில் நாங்கள் அவருக்கு மவனே, மவளே. எனக்கு இருபத்தைந்து வயது. மாலை வகுப்பில் கற்ற ப்ரோக்ராமிங்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூலக்கொத்தளம் வழியாக வரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். ஜன்னலைத் திறந்தால் மீன் வாடை, ஐஸ் வாடை, ட்ரெய்லர் புகை. மூடினால் எனக்கு இருப்புக்கொள்ளாது. திறந்தே வைப்பேன். உப்புக்காற்று கீபோர்டுக்குள் புகுந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொள்ளும். குத்திக் குத்தித்தான் எழுத வேண்டும். அன்று நான் எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு குத்து.

எங்கள் கன்டெய்னர்கள் விம்கோ நகர்ப் பக்கம் ஒரு யார்டில் அடுக்கியிருக்கும். எது எடுக்கத் தயார், எது இன்னும் சோதனையில் என்று யார்டுக்காரர்கள் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து வருவதற்கென்றே எங்களிடம் ஒரு கிளார்க் இருந்தார். நாற்பது வயது, தண்டையார்பேட்டை, மெலிந்த உடம்பு, பெரிய சைக்கிள். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலோரச் சாலையில் ட்ரெய்லர் வரிசையை உரசிக்கொண்டு போய் வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் தப்பவே முடியாது. சனி, ஞாயிறில் எடுக்க வேண்டிய பெட்டிகளின் பட்டியல் அன்று மூன்று மணிக்குத்தான் வரும். நான்கு மணிக்குள் லாரிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை என்றால் பெட்டி திங்கட்கிழமை வரை யார்டில் தூங்கும். பாயின் வாடிக்கையாளர் தூங்க மாட்டார்.

அந்த மனிதரின் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரைக்கரைச் சுண்டிச் சுண்டி ஆள்காட்டி விரலின் நகம் சற்றே சாய்ந்து வளர்ந்திருக்கும். தெருமுனைக் கேரம் கிளப்பில் அவர் உட்கார்ந்தால் மஞ்சள் பல்பின் கீழே பூச்சிகளும் அமைதியாகிவிடும் என்று சொல்வார்கள். கிளப்பின் வருடாந்திரப் போட்டியில் ஃபைனல் எப்போதும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. ஜும்மாத் தொழுகை முடிந்து பாதிக் கடைகள் அடைத்திருக்கும், கூட்டம் சேரும் என்று அப்படி ஒரு வழக்கம். இரண்டு முறை ஃபைனல் வரை வந்திருந்தார். இரண்டு முறையும் அந்த மூன்று மணிக்குத் திருவொற்றியூர் ரோட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். எதிராளி ஒரு காலி ஸ்டூலைப் பார்த்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கப்பை வாங்கிக்கொண்டு போனார்.

யார்டுக்காரர்கள் பட்டியலை இணையத்தில் போட ஆரம்பித்ததும் பாய் என்னைக் கூப்பிட்டு, "மவளே, அது இன்னாவோ அதுல வருதாமே. அத்த இங்கியே கொண்டாந்து வுடு" என்றார்.

கொண்டுவருவது அவ்வளவு நேரடியான காரியமில்லை. எங்கள் கட்டடத்தில் நான்கு ஆபீஸ். எல்லோருக்குமாக ஒரே ஒரு லைன். அந்த லைன் கீழ்த்தளத்து நெட் கடையில் ஒரு கணினிக்குள் நுழையும். நாங்கள் யாரும் வெளியுலகத்தோடு நேரே பேச முடியாது. பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி அந்தக் கணினியிடம் கேட்போம். அது வெளியே போய், நமக்காகக் கேட்டு, வாங்கிவந்து கொடுக்கும். அதற்குப் பெயர் ப்ராக்ஸி. விளக்கப் புத்தகத்தில் நான்கு பக்கம் அதற்கு. எனக்கு அரைப் பக்கத்திலேயே புரிந்துவிட்டது. அட, நம்ம கல்லு!

நெட் கடைக்காரன் என் வயசுக்காரன். பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலைக்காரர்களின் குடும்பம். எதையும் பிரித்துப் பூட்டிப் பார்க்காமல் சாப்பாடு இறங்காது. ப்ராக்ஸி கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, முன்னால் ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டிருப்பான். என்னை மேடம் என்பான். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது.

என் முதல் ப்ரோக்ராம் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தடவை கதவைத் தட்டியது. ப்ராக்ஸியிடம் பெயர் சொல், பாஸ்வேர்டு சொல், யார்டுக்குப் போ, ஒரு பெட்டியைக் கேள், திரும்பி வா, கதவைச் சாத்து. மறுபடி தட்டு. நாற்பது பெட்டிக்கு நாற்பது தட்டு. பட்டியல் முழுதும் வருவதற்குள் கிளார்க் சைக்கிளில் போய்த் திரும்பி, டீயும் குடித்துவிடுவார்.

"இன்னாமா கம்ப்யூட்டரு, ஒம் பொட்டி இன்னும் பேந்த பேந்த முய்ச்சிகினு கீது? நான் போய்ட்டே வந்துட்டேன்" என்று தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார்.

அவர் சிரித்த சிரிப்பில் ரோஷம் வந்து அன்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். வியாசர்பாடியில் இறங்கியபோது லாரி நின்றுகொண்டிருந்தது. குழாய் ஒரு குடத்திலிருந்து இன்னொரு குடத்துக்குத் தாவியது. நடுவே அந்த வெள்ளி வீச்சு. நின்றுவிட்டேன். ஏன் மூட வேண்டும்? ஒரு முறை திறந்த இணைப்பை மூடாமல் வைத்து, அதிலேயே நாற்பது கேள்வியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால்?

மறுநாள் மதியத்துக்குள் மாற்றி எழுதினேன். காலையில் ஒரு முறை கதவைத் தட்டும், உள்ளே போகும், மாலை வரை கதவைச் சாத்தாது. நாற்பது பெட்டியும் மளமளவென்று திரையில் இறங்கின. பாய் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். அப்புறம் ஆளனுப்பி ஒரு கிலோ தம்ரூட் வாங்கிவரச் சொன்னார். நெய் வடிந்த விரலோடு கிளார்க் தன் சைக்கிள் மணியைக் கழற்றிக் கொண்டுவந்து என் மானிட்டர் மேல் வைத்தார். "இனிமே நீ மிதி."

நான்கு நாள் அந்த மணியின் கீழே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டரைக்கு ஆபீஸ் அடைத்தோம். பாய் தொழுகைக்கு, மற்றவர்கள் பாய் வீட்டுப் பிரியாணிக்கு. மூன்று மணிக்குத் திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன். திரையில் மணற்கடிகாரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு "பிழை" என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது, ப்ரோக்ராம் தானே மூடிக்கொண்டது. அப்படி மூடிக்கொள்ளும்படி எழுதியிருந்ததும் நான்தான். மறுபடி திறந்து உள்ளே போகப் பார்த்தால் யார்டின் இணையப் பக்கம் கையை நீட்டித் தடுத்தது: உங்கள் பெயரில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார், ஒரு மணி நேரம் கழித்து வரவும். உள்ளே இருப்பதாக அது சொன்ன ஆள் நான்தான். நான் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கிளார்க் மானிட்டர் மேலிருந்து மணியை எடுத்துப் போய் சைக்கிளில் மாட்டினார். மாட்டியபின் ஒரு முறை அடித்தும் காட்டினார்.

அடுத்த வெள்ளியும் அப்படியே. மற்ற நாட்களில் ஒழுங்காக ஓடுகிற பிள்ளை வெள்ளி மதியம் மட்டும் வாயை மூடிக்கொண்டது. பாய்க்கு ஒரே குஷி. "மெசினும் ஜும்மாவுக்குப் பூடுது மவளே. நம்ப ஆபீஸ்ல இருந்து இருந்து அதுக்கும் நல்ல புத்தி வந்துகினு கீது."

அந்த வாரம்தான் கிளார்க் அரையிறுதியில் ஜெயித்தார். காலையில் வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றார், ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். ஃபைனலுக்கு இரண்டு வாரம். வெள்ளிக்கிழமை. மூன்று மணி. பாயிடம் கேட்டே விட்டார்.

பாய் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் அவருக்கு வாரத்தின் உயிர். தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அன்னிக்கி இவ மெசினு பேசிச்சினா, நீ போய் ஆடு. பேசலன்னா, சைக்கிள எடு. அவ்ளோதான்."

கிளார்க் என் மேசைக்கு வந்தார். கிண்டல் இல்லாத அவர் முகத்தை அப்போதுதான் முதல் தடவை பார்த்தேன். "தங்கச்சி. மூணாந் தபா. இந்தத் தபாவும் ஸ்டூலு காலியா கெடந்துச்சினா, அட்த்த வருசம் பேரே சேத்துக்க மாட்டானுங்கமா."

கீழே ஓடினேன். நெட் கடைக்காரன் ப்ராக்ஸியின் பதிவேட்டைத் திறந்து காட்டினான். யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று அது வரி வரியாக எழுதி வைத்திருந்தது. "தோ பாரு மேடம். நீ பன்னண்டரைக்குக் கடைசியா பேசின. அப்பால சத்தமே இல்ல. அஞ்சு நிமிசம் பேசலன்னா நான் வெட்டிடுவேன். மூணு மணிக்கு வந்து வெட்டுன குயாய்ல வாய வெச்சி உறிஞ்சுனா தண்ணி எப்டி வரும்?"

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மற்ற நாட்களில் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருப்போம். இணைப்பு உயிரோடு இருக்கும். வெள்ளி மதியம் இரண்டரை மணி நேர மௌனம். அவன் அங்கே வெட்டிவிடுகிறான். என் ப்ரோக்ராமுக்கு அது தெரியாது. இறந்துபோன இணைப்பைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கிறது.

"என்னோடத மட்டும் வெட்டாம வுடேன்."

"ஆங். நாலு ஆபீஸும் புடிச்சிகினு குந்திக்கினா நான் லைனுக்கு எங்க போவேன்? வூட்லருந்து இஸ்துகினு வரவா? புடிச்சா வுட மாட்டியா நீ?"

மாட்டேன். ஹவுசிங் போர்டுக்காரி. இடத்தை விட்டால் கடைசிக்குப் போக வேண்டும் என்று ரத்தத்தில் எழுதியிருக்கிறது. அவன் வெட்டாமலிருக்க என்ன வழி? பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச ஆள் இல்லையென்றால்? ஆள் எதற்கு?

அடுத்த வெள்ளி பன்னிரண்டரைக்கு எல்லோரும் படியிறங்கிய பிறகு, காசிமேட்டுக் கடல் தடுப்பிலிருந்து பொறுக்கி வந்த ஒரு கருங்கல்லை என்டர் கீயின் மேல் வைத்தேன். கை அகலக் கல். கச்சிதமாக உட்கார்ந்தது. திரையில் கேள்வி போனது, பதில் வந்தது, கேள்வி போனது, பதில் வந்தது. அம்மா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். நிம்மதியாகப் போய் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

மூன்று மணிக்குத் திரும்பினால் கட்டட வாசலில் கூட்டம். நான்கு ஆபீஸ்காரர்களும் படிக்கட்டில். யாருக்கும் நெட் இல்லை. என் கல் இரண்டரை மணி நேரம் மூச்சுவிடாமல் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறது. ப்ராக்ஸியும் விசுவாசமாக அத்தனையையும் வரி வரியாகப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. எழுதி எழுதி அதன் டிஸ்க் நிரம்பி, இனி எழுத இடமில்லை என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

பாயிடம் சாவி வாங்கி மேலே போயிருந்த நெட் கடைக்காரன் எங்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையில் கல். எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

"இது யாரு எய்தின ப்ரோக்ராமு?"

படிக்கட்டு முழுவதும் வெடித்தது. திட்டலாம் என்று வந்தவர்களும் சிரித்தார்கள். பாய் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன், அழுகை வருகிற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டால் அதைத் தடுக்கக் கூடாது. கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது.

புதன்கிழமை கிளார்க் மறந்துவிட்டுப் போன ஒரு காகிதத்தைக் கொடுக்க நான் யார்டுக்குப் போக வேண்டி வந்தது. ஷேர் ஆட்டோவில் நசுங்கிப் போய் இறங்கினால், மனிதர் கேட்டுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, உள்ள வேல முடியலியே, வெளிய குந்தினு கீற?"

"முடியலதான். டீ குட்ச்சிட்டுப் போறேன்."

"மறுபடி வுடுவாங்களா? அந்த வரிசைல நிக்கணுமே!" கேட்டில் புது ஆட்கள் பாஸ் வாங்கும் வரிசை பெரிதாக வளைந்து நின்றது.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் சொல்ல முடியும். கல் வைத்தவளைப் பார்க்கிற அதே பார்வை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டை ஒன்றை இரண்டு விரலில் உருவினார். "பாஸு இங்க கீது. காலைல வாங்கனது, சாய்ந்தரம் வரிக்கும் செல்லும். கேட்ல இருந்து வெளிய வந்தா பாஸு செத்துடுமா? இந்த கேட்டு மூடியிருந்தா அந்த கேட்ல போவேன். எந்த கேட்ல போனா இன்னா?"

பன்னின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். அட்டையைக் காவலாளி முகத்துக்கு நேரே ஒரு ஆட்டு ஆட்டினார். உள்ளே போய்விட்டார். வரிசையில் நின்ற ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் டீக்கடை வாசலில் நின்றேன். தலைக்கு மேல் எண்ணூர்ப் புகை, காலுக்குக் கீழே நிலக்கரித் தூள், எங்கோ ஒரு ட்ரெய்லரின் ஹார்ன் நீண்டு நீண்டு ஊதியது. உடம்பு முழுக்க எறும்பு ஊர்ந்தது. பாஸ் வேறு, கேட் வேறு! காலையில் என் ப்ரோக்ராம் உள்ளே நுழையும்போது யார்டு அதற்கும் ஒரு சீட்டுக் கொடுக்கிறது. மாலை வரை செல்லும் சீட்டு. அது என் ப்ரோக்ராமின் பையில் இருக்கிறது. நெட் கடைக்காரன் வெட்டியது வழியைத்தான். சீட்டை அவன் தொடவே இல்லை. நான்தான் வழி போனதும் எல்லாம் போயிற்று என்று பிழைப்பெட்டியைக் காட்டிவிட்டு, பையோடு சீட்டையும் எறிந்துவிட்டு, புது ஆளாக வரிசையின் கடைசியில் போய் நின்றிருக்கிறேன். செத்த இணைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று திறந்து, அதே சீட்டைக் காட்டி, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டால் போதும். இங்கே யாரும் இடத்தைப் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. இது தண்ணீர் லாரி இல்லை. விடலாம். விட்டுவிட்டு வரலாம்.

கொண்டுபோன காகிதத்தைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

பதினோரு வரி. இருபது வருஷத்தில் எவ்வளவோ எழுதிவிட்டேன், அந்தப் பதினோரு வரி மாதிரி இனித்தது வேறில்லை. வியாழக்கிழமை மதியம் மாடியிலிருந்து படிக்கட்டு வழியாகக் கத்தினேன்.

"வெட்டு!"

கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னாது?"

"என் லைன வெட்டு!"

"நெசமாவா? அஞ்சு நிமிசம் வெயிட் பண்ண வேணாவா?"

"இப்பவே வெட்டு!"

"வெட்டிட்டேன் மேடம், ரத்தம் வருது!"

பட்டனை அழுத்தினேன். ஒரு கண்சிமிட்டல். செத்ததைத் தொட்டுப் பார்த்தது, போட்டது, புதிதைத் திறந்தது, சீட்டைக் காட்டியது. நாற்பது பெட்டி மளமளவென்று.

"இன்னொரு தபா!"

"வெட்டிட்டேன்!"

மறுபடி நாற்பது. எட்டு முறை வெட்டச் சொன்னேன். ஒன்பதாவது முறை அவனே மேலே ஓடி வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். "கெட்டிக்காரிதான்" என்றான். மேடத்தைக் காணோம். அன்றைக்கு அதையும் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை கிளார்க் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். நகம் வெட்டியிருந்தார், சாய்ந்த அந்த ஒன்றைத் தவிர. பன்னிரண்டரைக்குக் கிளம்பும்போது தன் செல்லை எடுத்துக் காட்டினார். "ஒம் பொட்டி பேசலன்னா ஒரு மிஸ்டு கால் குடு. ரெட்டு போட்டுகினு இருந்தாலும் அப்டியே எய்ந்து வந்துடுவேன். பேசிச்சினா குடுக்காத. இன்னா?"

"குடுக்க மாட்டேன்ணா."

சைக்கிள் மணியை என் மானிட்டர் மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளி நான் பிரியாணிக்குப் போகவில்லை. மின்விசிறியின் கீழே உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கீபோர்டைத் தொடாமல் காத்திருந்தேன். பள்ளிவாசல் பாங்கு கேட்டது, பிறகு தெருவில் செருப்புச் சத்தங்கள் பெருகி, பெருகி, ஓய்ந்தன. இணைப்பு செத்திருக்கும். சாகட்டும். அப்படி ஒரு நிம்மதி எனக்கு அதற்கு முன் பழக்கமில்லை. ஒன்றைப் பிடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு லேசான காரியம்!

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பாய் வந்தார். அத்தர் மணக்க, என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று அடித்தது. அழுத்தினேன்.

மணற்கடிகாரம் ஒரு அரைச் சுற்று சுற்றியது. நான் மூச்சை நிறுத்தினேன். பாயும் நிறுத்தினார்; அத்தர் வாசனை அசையாமல் நின்றது.

நாற்பத்திரண்டு வரி.

"யா அல்லா, இந்த வாரம் ரெண்டு சாஸ்தி" என்றார் பாய். லாரிக்காரருக்குப் போன் போடத் திரும்பினார். நான் மணியை எடுத்து அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். கீழேயிருந்து நெட் கடைக்காரன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

மூன்றரைக்கு என் செல் ஒரு முறை கத்திவிட்டு நின்றது. கிளார்க்கின் நம்பர். மிஸ்டு கால்.

நான்தானே கொடுக்க வேண்டும், இவர் ஏன் கொடுக்கிறார்? திருப்பிக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் பெட்டி பேசவில்லை என்று நினைத்து எழுந்து வந்துவிடுவாரே!

"இன்னாவாம்?" என்றார் பாய்.

"தெர்ல பாய்."

நான்கு மணிக்கு இன்னொன்று. பாய் லாரிப் பட்டியலைக் கீழே வைத்தார். நான்கு இருபதுக்கு மூன்றாவது. தோற்றுவிட்டாரா? ஜெயித்துவிட்டாரா? சண்டையா? நெட் கடைக்காரன் கடையை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்துவிட்டான். மூன்று பேரும் அந்தச் சின்னச் செல்லைச் சுற்றி நின்றோம். அது மேசைமேல் ஒரு கறுப்புக் காய் மாதிரி கிடந்தது. ஐந்து மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் நான்காவது முறை கத்தியது. யாரும் தொடவில்லை.

ஐந்தேகாலுக்குப் படிக்கட்டில் காலடி. முழங்கை வரை வெள்ளைப் பவுடர், மூக்கின் மேல் பவுடர், வெள்ளைச் சட்டையில் எது பவுடர் எது சட்டை என்று தெரியவில்லை. கக்கத்தில் ஒரு அடி உயரத்துக்குக் கப்.

முதலில் சண்டைதான் போட்டேன். "எதுக்குண்ணா மிஸ்டு காலு குட்த்துகினே கீற? நாங்க இங்க செத்துப் பொயச்சோம்!"

"நீ குடுக்கவேயில்ல. ஒரு சத்தமும் காணோம்." கப்பைப் பைல்கள் மேல் இறக்கி வைத்தார். "பொட்டி பேசிச்சா, இல்ல ஒன் செல்லுதான் செத்துப் பூட்சா, எனுக்கு எப்டித் தெரியும்? அதான் ஒவ்வொரு கேம் முடியச் சொல்ல ஒரு தபா அட்ச்சிப் பாத்தேன். ரிங்கு போச்சி. செரி, செல்லு உசுரோட கீது, நீ குடுக்கலன்னா பேசிச்சின்னு அர்த்தம். அட்த்த கேமு ஆடு."

நெட் கடைக்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். லைன் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க யாரும் சொல்லித்தராமலே தெரிந்துவைத்திருந்த அந்த மனிதரை இரண்டு பேரும் ஒரு புது மரியாதையோடு பார்த்தோம்.

பாய்தான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "மூணு கேமு. மூணு மிஸ்டு காலு. நாலு வந்துச்சேடா?"

கிளார்க் தலையைச் சொறிந்தார். சொறிந்த இடமும் வெள்ளையானது.

"அது கப்பு வாங்கச் சொல்ல பாய். மைக்ல பேரு கூப்ட்டாங்கோ. மேல ஏறிப் பாத்தா, நம்ம ஆபீஸ் ஆளுங்கோ ஒத்தரும் இல்ல. கை தட்ட நம்ம ஆளு ஒருத்தராச்சும் வோணுமில்ல? அதான், அட்ச்சேன்."

பாய் கை தட்ட ஆரம்பித்தார். நெட் கடைக்காரன் விசிலடித்தான். நான் மணியைக் கையில் எடுத்தேன்.